பஃபலோ டைரி: கட்டம் போட்ட கேன்வாஸும் எங்கப்பாவும்

நாள் 1: ஏப்ரல் 5, 2024, வெள்ளி

காலைல 10:23க்கு வீடு ஆடுச்சு. நான் கிச்சன்ல புளிசாதத்தை டப்பால அடைச்சிட்டு இருந்தேன், சிங்க் பக்கத்துல கவுத்து வெச்சிருந்த டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு கிணுகிணுன்னு சத்தம், வாஷிங் மெஷின்தான் ஏதோ ஆகிப்போச்சுன்னு பேஸ்மெண்டுக்கு ஓடறேன், அப்பா சோபால உக்காந்த வாக்குலயே "அம்மிணி, பூமி ஆடுது"ங்கறாரு, ஏதோ ஈரோடு பஸ் வந்துருச்சுன்னு சொல்ற மாதிரி. 4.8 அளவாம், நியூ ஜெர்சிக்குள்ளயே, வொயிட்ஹவுஸ் ஸ்டேஷன் பக்கம், எங்க எடிசன்ல இருந்து ரொம்ப தூரமில்ல. அம்மா உடனே "சகுனம் சரியில்ல, பயணத்தைத் தள்ளி வெய்யி"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. பயணத்தைத் தள்ளி வெக்கலாம், சூரிய கிரகணத்தை எங்க தள்ளி வெக்கறது?

விஷயம் இதான். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா நயாகரா கூட்டிட்டுப் போறது இங்க இருக்கற நம்மாளுங்களுக்கு நேர்த்திக்கடன் மாதிரி, செஞ்சே ஆகணும். இந்தத் தடவை 8ஆம் தேதி முழு சூரிய கிரகணம் வேற அந்தப் பக்கமாத்தான் போகுது, நயாகரா பக்கத்துல இருக்கற பஃபலோல மூணே முக்கால் நிமிஷம் இருட்டும்னு போட்டிருக்கான், அந்த ஊர்ல அடுத்தது 2144லதான். அதனால ரெண்டையும் சேத்து ஒரே ட்ரிப். இது வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச காரணம்.

எனக்கு மட்டும் தெரிஞ்ச காரணம் ஒண்ணு இருக்கு. பஃபலோ ஏகேஜி ஆர்ட் மியூசியத்துல ஸ்டான்லி விட்னிங்கற அமெரிக்கக் கறுப்பு ஓவியரோட பெரிய ஷோ நடக்குது, பிப்ரவரில ஆரம்பிச்சது, மே மாசம் வரைக்கும் இருக்கு. 1972ல இருந்து அவர் வரைஞ்சதையெல்லாம் ஒரே எடத்துல வெச்சிருக்காங்க. சில வருஷம் முன்னாடி நியூயார்க்ல அவரோட ஒரே ஒரு படத்தை நேர்ல பாத்தேன், வெறும் கலர் கட்டம், நாலு வரிசை, அவ்வளவுதான், ஆனா அதுக்கு முன்னாடி இருந்த பெஞ்சுல இருந்து என்னால எந்திரிக்க முடியல. அன்னைல இருந்து இவர் மேல ஒரு பித்து.

ஹோட்டல் கதையைச் சொல்லியே ஆகணும். நாலு மாசம் முன்னாடியே புக் பண்ணின ரூமைப் போன வாரம் கேன்சல் பண்ணிட்டு "ஏதோ சிஸ்டம் எரர்"னு மெயில் வந்துச்சு, அதே ரூமை அதே தேதிக்கு மூணு மடங்கு ரேட்ல போட்டிருக்காங்க. கிரகண வியாபாரம். கடைசில ஊருக்கு வெளிய இருக்கற ஒரு மோட்டல்ல எடம் கெடச்சுது, ஹீட்டர் போட்டா லாரி ஸ்டார்ட் ஆகற சத்தம் வருது, அதைக் கேட்டுக்கிட்டேதான் இதை டைப் பண்றேன்.

வழியெல்லாம் கார்ல ஜாஸ். எல்லாரும் திட்டினாங்க. ஆனா ஷோவோட பேரே "ஹவ் ஹை தி மூன்", அது ஒரு பழைய ஜாஸ் பாட்டு, அதை ஒரு தடவையாவது கேக்காமப் போறது எப்படி. 1940ல ஒரு பிராட்வே நிகழ்ச்சிக்காகப் போட்ட பாட்டு, அப்புறம் ஜாஸ்காரங்க எடுத்துக்கிட்டு அதைப் பிரிச்சு மேஞ்சுட்டாங்க. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட்ங்கற பாடகி பாடினதைப் போட்டேன், அப்புறம் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரோட "ஆர்னிதாலஜி". ரெண்டும் வேற வேற பாட்டு மாதிரி கேக்கும், ஆனா அடியில ஓடற கார்டு (chord, சேத்து வாசிக்கற சுரங்க) அடுக்கு ஒண்ணேதான். பையன் (9 வயசு) "அப்ப காப்பி அடிச்சுட்டாரா?"ன்னான். இல்லடா, அது அந்தக் காலத்து ஜாஸ்காரங்க வழக்கம், எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டோட கார்டை மட்டும் வெச்சுக்கிட்டு மேல புது மெட்டு கட்டுவாங்க, கார்டு வரிசைக்குக் காப்பிரைட் கிடையாது, அதனால ராயல்டியும் குடுக்க வேண்டியதில்ல. இந்தக் கடைசிப் பாயிண்ட் மட்டும் அப்பாவுக்குப் புடிச்சிருந்தது.

ஏழு மணி நேர டிரைவ். பிங்ஹாம்டன் தாண்டினதும் ரெண்டு பக்கமும் மொட்டை மரம். ஏப்ரல்ல கூட வசந்தம் வரல இங்க.


நாள் 2: ஏப்ரல் 6, சனி

இன்னைக்கு மியூசியம். நயாகரா நாளைக்குன்னு சொல்லி வெச்சுட்டேன், "இன்னைக்குக் காத்து ஜாஸ்தி"ன்னு ஒரு பொய். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், கண்டுக்கல.

அப்பா வாசல்ல டிக்கெட் விலையைப் பாத்து மனசுக்குள்ளயே 83ஆல பெருக்கிட்டு "நான் வெளிய இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க"ன்னாரு. அம்மாவுக்கு அந்தப் பிரச்சினை இல்ல, அவங்க உள்ள வர்றதா ஐடியாவே இல்ல. நல்லவேளை டிக்கெட் இல்லாமயே உக்கார்ற ஒரு பெரிய எடம் இருக்கு, பழைய முற்றத்துக்கு மேல கண்ணாடியும் முகம் பாக்கற கண்ணாடியும் கலந்து ஒரு கூரை போட்டிருக்காங்க, ஓலாஃபர் எலியாசனும் செபாஸ்டியன் பேமனும் செஞ்சது, ஒரு மரம் மாதிரி நடுவுல கீழ எறங்கி நிக்குது. அம்மா அதுக்கடியில ஸ்வெட்டரை மடிச்சு வெச்சுட்டு உக்காந்தவங்கதான். பையன் லெகோ வெச்சு வெளையாடற எடத்துக்குள்ள போய்ட்டான், அவங்கப்பா காவல். ஆக அப்பாவை மட்டும் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

எங்கப்பாவைப் பத்தி ஒரு வரி. சென்னிமலை. முப்பது வருஷம் தறி, பெட்ஷீட்டு. மொதல்ல கைத்தறி, கூலிக்கு சொசைட்டிக்கு நெஞ்சாரு, அப்புறம் சொந்தமா ரெண்டு தறி போட்டாரு. கலர்னு வந்துட்டா அவர் கண்ணை ஏமாத்த முடியாது, என் கல்யாணப் பட்டுச் சேலைல சாயம் ஒரு பக்கம் கம்மின்னு கடைல வெச்சே கண்டுபுடிச்சவர்.

மொத ரூம்ல பழைய படங்கள். எழுபதுகள், எண்பதுகள். கட்டமே இல்ல. கிறுக்கல், சுழி, மேகம் மாதிரி கலர்த் திட்டு, நடுவுல நெறைய காலி எடம், எல்லாம் காத்துல மெதக்குது. 1984ல வரைஞ்ச ஒண்ணுக்கு "சிக்ஸ்டீன் சாங்ஸ்"னு பேரு, பதினாறு பாட்டு. அப்பா கொஞ்ச நேரம் பாத்துட்டு "தறியடியில கூட்டி அள்ளுன கழிவு நூலு"ன்னாரு. எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா தப்பில்ல, அப்படித்தான் இருந்தது. விட்னிக்கு என்ன வேணும்னு அவருக்கே அப்பத் தெரியல.

அதுக்குக் காரணமும் இருக்கு. 1946ல பொறந்தவர், பிலடெல்பியா பக்கத்துல பிரின் மார்ங்கற ஊரு. கன்சாஸ் சிட்டில ஆர்ட் படிச்சுட்டு 1968ல நியூயார்க் வர்றாரு, அப்புறம் யேல்ல 1972ல முதுகலை. பிலிப் கஸ்டன்ங்கற பெரிய ஓவியர் அவருக்கு ஒரு வாத்தியார் மாதிரி. ஆனா அது எப்படிப்பட்ட காலம்? அவர் நியூயார்க் வந்ததே மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்ட வருஷம். கறுப்பு ஓவியர்னா போராட்டத்தை வரையணும், முகத்தை வரையணும், ஆளை வரையணும்னு ஒரு பக்கம் எதிர்பார்ப்பு. வெறும் கலரை வரையற வெள்ளைக்காரக் கூட்டத்துல இவருக்கு நாற்காலி இல்ல, அது இன்னொரு பக்கம். இவர் ரெண்டுக்கும் நடுவுல வருஷக்கணக்கா நிக்கறாரு. டைலர்னு ஒரு ஆர்ட் ஸ்கூல்ல முப்பது வருஷத்துக்கு மேல பாடம் எடுத்துத்தான் பொழப்பு. நியூயார்க்ல ஒரு மியூசியம் இவருக்குன்னு தனி ஷோ வெச்சது 2015ல, ஹார்லம் ஸ்டுடியோ மியூசியம். யோசிச்சுப் பாருங்க, அறுபத்தெட்டு வயசு. எனக்கு நாப்பத்தொண்ணுலயே எல்லாம் முடிஞ்ச மாதிரி அலுப்பா இருக்கு.

அடுத்த ரூம்ல காத்து அடைய ஆரம்பிக்குது. தொண்ணூறுகள்ல ரோம்ல போய் குடியிருக்காரு, அவரும் அவர் மனைவி மரீனா ஆடம்ஸும், அவங்களும் ஓவியர்தான். அங்க கொலோசியம், செங்கல் செவுரு, ரோமானியங்களுக்கு முந்தி அங்க இருந்த எட்ருஸ்கன் ஆளுங்களோட அஸ்திப் பெட்டிங்க மியூசியத்துல அலமாரி அலமாரியா அடுக்கி வெச்சிருக்கறது, எல்லாம் பாக்கறாரு. எகிப்து போய் பிரமிடு பாக்கறாரு. கல்லு மேல கல்லு, நடுவுல காத்துப் போக எடமில்ல. அதுவரைக்கும் ஒரு கலருக்கும் இன்னொரு கலருக்கும் நடுவுல வெளி வேணும்னு நெனச்சவரு, வெளி கலருக்குள்ளயே இருக்கு, தனியா விடவேண்டியதில்லன்னு அங்கதான் புரிஞ்சுக்கறாரு. படத்துல அது கண்கூடாத் தெரியுது. மெதந்துட்டு இருந்த உருண்டையெல்லாம் மொதல்ல வரிசைல வந்து நிக்குது, ரேஷன் கடை க்யூ மாதிரி, அப்புறம் ஒண்ணை ஒண்ணு நெருக்குது, அப்புறம் உருண்டை தேஞ்சு சதுரமாகுது. சுமார் 2002க்கு அப்புறம் அந்தக் கட்டம் வந்துருது, சதுரக் கேன்வாஸ், வரிசை வரிசையா கலர்ப் பெட்டி, ரெண்டு வரிசைக்கு நடுவுல ஒரு பட்டை. அன்னைல இருந்து இன்னிக்கு வரைக்கும் அதேதான். இருவது வருஷத்துக்கு மேல!

அந்தப் பெரிய ஹால்ல நுழைஞ்சதும் அப்பா நின்னுட்டாரு. "இது நம்ம பெட்ஷீட்டு."

எட்டடிக்கு எட்டடி படம் ஒண்ணு. நான் பேரைக் குறிச்சுக்கல. மேல் வரிசைல செங்கல் செவப்பு, பக்கத்துல ஒரு பழுப்பு மஞ்சள், அப்புறம் கறுப்பு, அப்புறம் நம்ம ஊர் சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி ஒரு வெளிர் நீலம். தூரத்துல இருந்து பாத்தா ஒழுங்கான கட்டம். கிட்டப் போனா ஒரு கோடு நேரா இல்ல. செவப்போட ஓரம் மஞ்சளுக்குள்ள ஏறி வந்திருக்கு, அந்த எடத்துல பிரஷ் காஞ்சு போய் அடியில முன்ன பூசின பச்சை எட்டிப் பாக்குது, கறுப்புக்குக் கீழ இருந்து பெயிண்ட் ஒழுகி அடுத்த பட்டைல ரெண்டு கண்ணீர் மாதிரி காஞ்சிருக்கு, அதைத் தொடச்சு விடவும் இல்ல. அப்பா மூக்கு ஒட்டற அளவுக்குக் குனிஞ்சு பாக்கறாரு, காவலுக்கு நின்ன பையன் வந்து "ஸார், கொஞ்சம் பின்னாடி"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டான். அப்பா என்கிட்ட திரும்பி, "கோடு கோணல் அம்மிணி. இதைக் கொண்டுபோய் சொசைட்டில குடுத்தா மூஞ்சில தூக்கி எறிவான்."

நான் சொன்னேன், அவர் ஸ்கேல் வெக்கறதில்லப்பா, முன்னாடியே எந்த எடத்துல எந்தக் கலர்னு முடிவும் பண்றதில்ல, மேல் வரிசைல ஒரு கலரை வெக்கறாரு, அது அடுத்த கலரைக் கூப்புடுது, அது வந்து பதில் சொல்லுது, அப்படியே பக்கத்துல பக்கத்துல போய் கீழ எறங்கி வர்றாரு. ஜாஸ்ல, சர்ச் பாட்டுல எல்லாம் ஒருத்தர் கூப்பிட மத்தவங்க பதில் சொல்ற மாதிரி பாடுவாங்களே, அந்த மாதிரின்னு அவரே சொல்லிருக்காரு. வரையும்போது மைல்ஸ் டேவிஸ்ங்கற ஜாஸ் டிரம்பெட்காரரோட இசை ஓடிட்டே இருக்கும். குறிப்பா ஒரு ஆல்பம், பல வருஷமா அதே ஆல்பம். ஆல்பம் பேரை அப்பாகிட்ட சொல்லல, சொல்ற மாதிரி பேரும் இல்ல. (இங்க சொல்லலாம், "பிட்சஸ் ப்ரூ", 1969 ஆகஸ்ட்ல மூணு நாள்ல ரெக்கார்ட் பண்ணி 1970ல வந்தது.)

அப்பா "ஓ"ன்னாரு. அந்த "ஓ" எனக்குத் தெரியும். நம்பலன்னு அர்த்தம்.

தனியா ஒரு பக்கம் கறுப்பு வெள்ளை டிராயிங். கட்டம் அதேதான், ஆனா பெட்டிக்குள்ள கலருக்குப் பதிலா கோடு, கிறுக்கல். சிலதுல எழுத்து. "நோ டு பிரிசன் லைஃப்"னு, ஜெயில் வாழ்க்கை வேண்டாம்னு எழுதின தாள்கள். அதைப் பாத்ததும் அந்தக் கட்டமே கம்பி மாதிரி தெரிய ஆரம்பிச்சுது, ஒரு நிமிஷம் முன்னாடி பாட்டா இருந்தது. அரசியல் பேசலன்னு இவரைக் குறை சொன்னவங்க இதைப் பாத்தாங்களான்னு தெரியல.

வெளிய வர்றப்ப பழைய கட்டடத்துல பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸோட "லா மியூசிக்" பாத்தோம், 1939ல வரைஞ்சது, இந்த மியூசியத்தோட சொத்து. ரெண்டு பொம்பளைங்க, ஒருத்தி கையில கிட்டார், பின்னாடி பெருசு பெருசா எலை. விட்னிக்கு மத்தீஸ்னா உயிர், பால்டிமோர் மியூசியத்துல மத்தீஸ் ஆராய்ச்சிக்குன்னு இருக்கற எடத்துக்கு 2021ல கலர்க் கண்ணாடி ஜன்னல் செஞ்சு குடுத்து "டான்ஸ் வித் மீ ஹென்றி"ன்னு பேரு வெச்சவரு. படத்துக்குப் பேரு வெக்கறதுல இவருக்குக் குசும்பு ஜாஸ்தி. "ஜேம்ஸ் பிரவுன் சாக்ரிஃபைஸ் டு அப்பல்லோ"ன்னு ஒண்ணு இருக்கு, அப்பல்லோன்னா கிரேக்க சாமியா, பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பாடின ஹார்லம் தியேட்டரான்னு நீங்களே முடிவு பண்ணிக்கணும்.

மோட்டலுக்கு வந்து சேந்தப்புறம்தான் அம்மா கேட்டாங்க, "என் ஸ்வெட்டர் எங்க?"


நாள் 3: ஏப்ரல் 7, ஞாயிறு

ஸ்வெட்டருக்காக மறுபடியும் மியூசியம். அம்மா ஊர்ல இருந்து போட்டுட்டு வந்த ஒரே ஸ்வெட்டர், எங்க பெரியம்மா பின்னினது, விட்டுட்டுப் போக முடியாது. பத்திரமா எடுத்து வெச்சிருந்தாங்க, நல்ல ஜனங்க. நான் வாங்கிட்டுத் திரும்பறேன், அப்பா டிக்கெட் கவுண்டர் முன்னாடி நிக்கறாரு, கையில இருவது டாலர் நோட்டை மடிச்சு வெச்சுக்கிட்டு. "ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்தர்றேன், ராத்திரியெல்லாம் ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருந்துது."

போய் அதே படத்து முன்னாடி நின்னாரு. வெரலை நீட்டி (காவல் பையனைப் பாத்துட்டு தூரமா நின்னுதான்) மேலருந்து கீழ எண்ணறாரு. அப்புறம் சொன்னாரு.

"நேத்து பெட்ஷீட்டுன்னேன்ல, அது தப்பு. இது தறில ஆகாது."

ஏம்ப்பா?

"கட்டம்னா என்ன? பாவுல ஒரு செவப்பு நூல் போட்டா அது மேலருந்து அடி வரைக்கும் ஓடியே தீரும். குறுக்க ஓடற ஊடு நூல் மஞ்சளா வந்தா அந்த எடம் ஆரஞ்சாத்தான் தெரியும், சுத்தச் செவப்பு வேணும்னா பாவும் செவப்பு ஊடும் செவப்பு வந்தாத்தான் உண்டு. இவரு பாரு, மேல செவப்பு, அதுக்கு நேர் கீழ நீலம், அதுக்குக் கீழ பச்சை. பாவு எங்க? பாவே கிடையாது. மேல் வரிசைல நாலு பெட்டி, கீழ அஞ்சு, ஒண்ணுக்கொண்ணு நேராவும் வரல. இவரு பாவு பூட்டாமயே நெய்யறாரு."

நான் அங்கயே நின்னுட்டேன். இத்தனை வருஷமா இவரைப் பத்தி தேடித் தேடிப் படிக்கறேன், இது எனக்குத் தோணினதே இல்ல. ஆனா ஒத்துக்கவும் மனசு வரல. நான் சொன்னேன், இல்லப்பா, அந்தக் கட்டம்தான் பாவு, முந்தாநாள் கார்ல போட்டேனே, கார்டு அதே, மெட்டு வேறன்னு, அந்த மாதிரி அந்த நாலு வரிசையும் பட்டையும் மாறாம இருக்கு, மேல கலர்தான் ஒவ்வொரு தடவையும் புதுசு. அப்பா தலையை ஆட்டினாரு. "அது பாவு இல்ல அம்மிணி, அது தறி. தறி வேற, பாவு வேற." நான் வேற ஏதோ சொன்னேன். அவரு வேற ஏதோ சொன்னாரு. அரை மணி நேரம் அந்தப் பெஞ்சுல உக்காந்து சண்டை போட்டோம், சத்தம் ஜாஸ்தியாகி ஒரு அம்மா திரும்பிப் பாத்தாங்க. முடிவுக்கு வரல. நான் பன்னண்டாவது முடிச்சு கும்பகோணத்துல ஓவியம் படிக்கறேன்னு கேட்டப்ப போட்ட சண்டைக்கு அப்புறம் எங்களுக்குள்ள இவ்வளவு நீளமான பேச்சு இதுதான்னு நெனைக்கறேன்.

அப்புறம் பிராட்வேல 145ஆம் நம்பர். நியூயார்க் பிராட்வே இல்ல, பஃபலோல இருக்கற பிராட்வே. கலர்ட் மியூசிசியன்ஸ் கிளப். இதோட கதை இது: ஊர்ல இருந்த வாத்தியக்காரங்க சங்கத்துல கறுப்பு ஆளுங்களைச் சேத்துக்கல, அதனால அவங்க 1917ல தனியா லோக்கல் 533ன்னு சங்கம் வெச்சாங்க, முப்பதுகள்ல அதுல இருந்து இந்தக் கிளப் வந்தது. வேலை முடிச்சுட்டு ராத்திரி மாடில வந்து வாசிப்பாங்க, டூர்ல வந்த பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் மெயின் கச்சேரியை முடிச்சுட்டு இங்கதான் வருவாங்களாம், டிஸ்ஸி கில்லஸ்பி உட்பட. நாங்க போனப்ப ஞாயித்துக்கிழமை காலைல கதவு பூட்டி இருந்தது. சாதாரண ரெண்டு மாடிக் கட்டடம், நம்ம ஊர்ல கோ-ஆப்டெக்ஸ் கிளை இருக்குமே அந்த மாதிரி. அப்பா கேட்டாரு "சங்கம்னா, நம்ம சொசைட்டி மாதிரியா?" ஆமாப்பா, கிட்டத்தட்ட. வெளிய நின்னு ஒரு போட்டோ.

நயாகரா. தண்ணி விழுது. நல்லாத்தான் இருக்கு, எத்தனை தடவை எழுதறது. அப்பா அம்மாவுக்குக் கனடா விசா இல்ல, அதனால அமெரிக்கப் பக்கம் மட்டும், கோட் ஐலண்ட், டெரப்பின் பாயிண்ட். அந்தப் பக்கம் கனடால கிரகணக் கூட்டத்துக்குப் பயந்து முன்னாடியே அவசர நிலை அறிவிச்சிருக்காங்களாம், ஆத்துக்கு இந்தப் பக்கம் இருந்து பாத்தா அங்க ஒண்ணும் பெருசாத் தெரியல. அம்மாதான் அசந்து போய்ட்டாங்க. கம்பியைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் "இத்தனை தண்ணியும் சும்மா போகுதே"ன்னாங்க. சென்னிமலைல நாலு நாளைக்கு ஒருக்கா கொழாய்ல தண்ணி புடிச்சவங்க.


நாள் 4: ஏப்ரல் 8, திங்கள்

காலைல ஜன்னலைத் தொறந்தா முழுக்க மேகம். மூணு மடங்கு ரூம் ரேட்டுக்காரன் நெனப்பு வந்து ஒரு அல்ப சந்தோஷம்.

மியூசியத்துக்கு எதுத்தாப்புல டெலவேர் பார்க், ஒரு ஏரி இருக்கு, அங்க போய் பாய் விரிச்சோம். சுத்தி நெறைய குடும்பம், நாய், மடக்கு நாற்காலி, எல்லார் கையிலயும் அந்த அட்டைக் கண்ணாடி. அம்மா 2:04ல இருந்து (அப்பத்தான் புடிக்க ஆரம்பிக்குது) பச்சைத் தண்ணி கூட இல்லன்னுட்டாங்க, கிரகணம் விடற 4:32 வரைக்கும். பையன் அவங்க முன்னாடியே சிப்ஸ் சாப்பிட்டு வம்பு பண்ணிட்டு இருந்தான்.

மூணு மணிக்கு மேல ஒரு மாதிரி ஆச்சு. சாயங்காலம் வர்ற மாதிரி இல்ல, சாயங்காலம்னா வெளிச்சம் மஞ்சளாகும், இது சாம்பலாகுது, யாரோ எல்லாத்து மேலயும் பென்சில் தேச்ச மாதிரி. குளுரு. 3:18க்கு சட்டுனு இருட்டு. ரோட்டு லைட்டெல்லாம் தானா எரியுது, ஏரிக்கரைல எல்லாரும் ஒரே நேரத்துல ஊன்னு கத்தறாங்க. மேகம் ஒரு எடத்துல மெலிசாகி ஒரு சில நொடி அந்த வளையம் தெரிஞ்சுது, கறுப்பு வட்டம், சுத்தி வெள்ளி ஓரம், மறுபடி மூடிக்கிச்சு. அடிவானத்துல மட்டும் சுத்திலும் ஆரஞ்சு.

ஆனா நான் ரொம்ப நேரம் பாத்தது மேல இல்ல. அம்மா கட்டியிருந்த அரக்குச் சேலை. அரக்கு போயே போச்சு, கறுப்பு, சுத்தக் கறுப்பு. பக்கத்துலயே பையனோட பச்சை ஜாக்கெட் மட்டும் வெளிர்ந்து உள்ளருந்து எரியற மாதிரி நிக்குது. பகல்ல ரெண்டையும் பாத்தா செவப்புதான் முன்னாடி வரும், பச்சை அடங்கி இருக்கும். வெளிச்சம் கொறஞ்சா கண்ணுக்குச் செவப்புதான் மொதல்ல செத்துப் போகும், நீலமும் பச்சையும் தாங்கும். படிச்சிருக்கேன், இப்படி மூணு நிமிஷத்துல கண்ணு முன்னாடி நடந்து பாத்ததில்ல. எந்தக் கலரும் தன்னால ஒரு கலர் இல்ல, பக்கத்துல யாரு, மேல எவ்வளவு வெளிச்சம், அதைப் பொறுத்துத்தான். அப்பாவைத் தட்டிக் காட்டினேன். அவரு பாத்துட்டு, "அதான் நாங்க ராத்திரில சாயம் போட மாட்டோம்"னாரு.

வெளிச்சம் திரும்புச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, சூரியன் ஏதோ கச்சேரி பண்ணின மாதிரி.

4:32 வரைக்கும் அம்மாவுக்காகக் காத்திருந்து, புளிசாதம் (நாலு நாள் புளிசாதம், கெடவே இல்ல, அம்மா கை) சாப்பிட்டு கெளம்பறதுக்குள்ள ஊரே கெளம்பிருச்சு. இதை கார்லருந்தே டைப் பண்றேன், ரெண்டு மணி நேரமா நகர்ந்துக்கிட்டே இருக்கோம்னு சொல்லலாம், நகரலன்னும் சொல்லலாம், முன்னாடி கண்ணுக்கெட்டின தூரம் செவப்பு லைட்டு. வீட்டுக்காரர் ஸ்டியரிங்ல தலையை வெச்சுட்டாரு. நான் சத்தம் போடாம "பிட்சஸ் ப்ரூ" போட்டுட்டேன், மொதப் பாட்டு "ஃபேரோஸ் டான்ஸ்", இருவது நிமிஷம். ரெண்டு மூணு எலெக்ட்ரிக் பியானோ, ரெண்டு டிரம்ஸ், பாட்டுன்னு ஒண்ணு ஆரம்பிக்குதா இல்லயான்னே தெரியாது, ஒருத்தர் ஏதோ சொல்லுவாரு, இன்னொருத்தர் கொஞ்ச நேரம் கழிச்சு அதுக்குப் பதில் சொல்லுவாரு, நடுவுல மைல்ஸோட டிரம்பெட் வந்து ரெண்டே ரெண்டு வார்த்தை பேசிட்டு ஒதுங்கிக்கும். விட்னி படத்தைப் பாத்துட்டு வந்து கேக்கும்போது ஒவ்வொரு வாத்தியமும் ஒரு பெட்டி மாதிரி கேக்குது, ஓரம் ஒழுகற பெட்டி.

பத்து நிமிஷம் போச்சு. பின் சீட்டுல அப்பா முன்னாடி குனிஞ்சு, "அம்மிணி, இது எப்ப முடியும்?"

"இன்னும் பத்து நிமிஷம்ப்பா."

"நான் பாட்டைக் கேக்கல. டிராபிக்கைக் கேட்டேன். பாட்டு ஓடட்டும்."